‘ஆட்கள் தேவை’ போர்டுக்குப் பின்னால்

கேள்வி: கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆபரேட்டர் கிடைக்காமல் 2 சி.என்.சி. மெஷின்கள் சும்மா நிற்கின்றன. ‘ஆட்கள் தேவை’ போர்டு மாட்டி 4 மாதம் ஆயிற்று. தமிழ்நாட்டில் வேலைக்கு ஆளே இல்லையா?
(பட்டறை உரிமையாளர், கோவை)

பதில்: போர்டின் இரண்டாவது வரியில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? ‘3 வருட அனுபவம் அவசியம்’ என்றுதானே? உங்கள் தெருவில் எல்லாப் பட்டறை வாசலிலும் அதே வரிதான் தொங்குகிறது. அந்த முதல் 3 வருடத்தை ஒரு பையனுக்கு யார் கொடுப்பது? எதிர்ப் பட்டறையில் பழகியவனை இரண்டாயிரம் கூடக் கொடுத்து நீங்கள் இழுக்கிறீர்கள். அடுத்த தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு அவன் மூன்றாவது பட்டறைக்குப் போகிறான். இத்தனை இழுபறியிலும் தெருவில் ஆபரேட்டர் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறவில்லை. சும்மா நிற்கிற 2 மெஷினில் ஒன்றைப் புதுப் பையன் கையில் கொடுங்கள். ஆறு மாதம் ஸ்கிராப் விழும், டூல் டிப் உடையும், உங்களுக்கு வயிறு எரியும். ஏழாம் மாதம் போர்டைக் கழற்றலாம்.

கேள்வி: ஐ.டி.ஐ. முடித்து வருகிறவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்களே, உண்மையா?
(பயிற்றுநர், சேலம்)

பதில்: பாதி உண்மை. அந்தப் பாதியை நேரில் பார்த்தேன். ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தபோது, சேர்ந்து 3 வாரமே ஆன பையன் ஒருவன் 100 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையத்தை லேத்திலிருந்து எடுத்த கையோடு மைக்ரோமீட்டரில் அளந்தான். வரைபடத்தில் கேட்ட அளவு அப்படியே வந்திருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து மெஷினில் இருந்த செட்டர் எழுந்து வந்து, வளையத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஃபேனுக்கு அடியில் வைத்தார். இருவரும் டீ குடித்துவிட்டு வந்தார்கள். “இப்ப அள” என்றார். 20 மைக்ரானுக்கு மேல் குறைந்திருந்தது. ஜாப் ரிஜெக்ட்.

100 மி.மீ. எஃகு, 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 12 மைக்ரான் விரியும். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால் இது எவ்வளவு நுட்பம் என்று பாருங்கள். எஃகு விரிவது அந்தப் பையனின் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, பரீட்சையில் எழுதித் தேறியும் இருப்பான். உள்ளங்கைச் சூட்டை வைத்து ‘இன்னும் அளக்கக் கூடாது’ என்று உணர்வதைப் புத்தகம் கொடுக்காது. அதைக் கொடுத்தவர் அந்தச் செட்டர். பையனைத் திட்டவில்லை, முதலாளியிடம் போட்டுக்கொடுக்கவும் இல்லை, ஒரு டீ நேரத்தில் ஆயுளுக்கும் மறக்காதபடி பாடம் நடத்தினார். இப்படி ஒருவர் ஒவ்வொரு பட்டறையிலும் இருந்தால் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்ற புகார் ஓராண்டில் அடங்கிவிடும். அந்தச் செட்டருக்கு வயது 58. அவருக்குப் பின்னால் அந்த ஸ்டூலில் யார் உட்காருவார் என்று கேட்டேன், முதலாளியிடம் பதில் இல்லை. எனக்குக் கவலை அங்கேதான்.

கேள்வி: அரசு ஐ.டி.ஐ.க்களில் இப்போது ரோபோவெல்லாம் வந்துவிட்டதாமே?
(வாசகர், விருதுநகர்)

பதில்: வந்திருக்கிறது. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் தரம் உயர்த்தினார்கள். நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். மெஷினுக்குச் செலவழித்த அக்கறையில் பாதியையாவது பயிற்றுநருக்கும் காட்ட வேண்டும். அவர் ஆண்டுக்கு ஒரு மாதம் தொழிற்சாலையில் போய் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தால்தான் அந்த ரோபோவின் மேல் தூசு படியாமல் இருக்கும்.

கேள்வி: என் மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்து 2 ஆண்டு ஆகிறது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் 15 ஆயிரம், 16 ஆயிரம் என்கிறார்கள். ஆள் பற்றாக்குறை என்பதே பொய்யோ?
(ஒரு தாய், திருவண்ணாமலை)

பதில்: பற்றாக்குறை பொய் இல்லை அம்மா. மேசைக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள், மெஷினுக்குத்தான் தட்டுப்பாடு. உயர்கல்வியில் சேர்கிற விகிதம் நாடு முழுக்க 28 சதவீதமாக இருந்த 2021-22-இல் தமிழ்நாட்டில் அது 47 சதவீதம். பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு 4 ஆண்டில் எத்தனை மணி நேரம் மெஷினைத் தொட விட்டார்கள் என்று கேட்டால் கல்லூரிகள் தலை குனியும்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். டை, மோல்டு வடிவமைப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் வாளி, கார் டேஷ்போர்டு, செல்போன் உறை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மோல்டு பிறந்தாக வேண்டும். கிண்டியில் 1968-இல் தொடங்கிய சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது, டூல் ரூம் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே ஓராண்டு கை கறுப்பாகிப் படித்தவனிடம், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கம்பெனிக்காரர்தான் கேட்பார்.

16 ஆயிரம் கொடுத்துவிட்டு ‘திறமையான இன்ஜினீயர் கிடைக்கவில்லை’ என்று மேடையில் பேசுகிற முதலாளிகளுக்கும் ஒரு சொல். சம்பளத்தை ஏற்றிப் பார்க்காமல் பற்றாக்குறை என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

கேள்வி: ‘மல்ட்டி ஸ்கில் தேவை’ என்று விளம்பரம் போடுகிறார்களே, என்ன பொருள்?
(டிப்ளமோ மாணவர், ஈரோடு)

பதில்: லேத், மில்லிங் இரண்டையும் கற்றுக்கொடுத்துச் சம்பளத்தையும் ஏற்றினால் அது மல்ட்டி ஸ்கில். 2 பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவரை நிறுத்தினால் அது மல்ட்டி வேலை. எது என்று நேர்முகத்திலேயே கேட்டுவிடு தம்பி, தயங்காதே.

கேள்வி: வடமாநிலத்தவர் வந்ததால்தானே நம் பிள்ளைகளுக்கு வேலை போயிற்று?
(வாசகர், திருப்பூர்)

பதில்: இல்லை. நம் பிள்ளைகள் விட்டுப்போன இடத்துக்கு அவர்கள் வந்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1.4 என்று 2020-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. வீட்டுக்கு ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு ஒரு பட்டம் என்றான பிறகு, ஃபவுண்டரி உலைக்கு முன்னால் யார் நிற்பார்கள்? இன்னொரு பக்கம், நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகளும் அதிகத் தொழிற்சாலைப் பணியாளர்களும் உள்ள மாநிலம் நம்முடையதுதான். 2022-23 தொழில் கணக்கெடுப்பும் அதையே சொல்கிறது. கை குறைகிறது, மெஷின் கூடுகிறது.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய்ப் பலர் ரயில் ஏறினார்கள். அப்போது கோவை, திருப்பூர் முதலாளிகளுக்குத் தூக்கம் போனதே, அதை நினைத்துப் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து மோல்டிங் மணல் கிளறுகிற பையனுக்குக் கையெழுத்துப் போடத் தமிழும், வரைபடம் படிக்கக் கணக்கும் சொல்லிக்கொடுத்தால் 5 ஆண்டில் அவன் நல்ல மோல்டர் ஆவான். அவனை ‘லேபர்’ என்றே வைத்திருப்பது அவனுக்கும் நஷ்டம், நமக்கும் நஷ்டம்.

கேள்வி: நான் பிளஸ் டூ முடித்தவள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஹாஸ்டலோடு வேலை என்று ஊருக்குள் வேனிலேயே வந்து ஆள் எடுக்கிறார்கள். போகலாமா?
(மாணவி, விழுப்புரம்)

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 100-க்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019-20 கணக்கு. வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாய் செலவில் 18,720 படுக்கைகளோடு பெண்களுக்கு விடுதி கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. வீட்டை விட்டு வெளியே வந்து, சொந்தக் கையெழுத்தில் சம்பளம் வாங்கி, தம்பியின் படிப்புச் செலவை ஏற்கிற பெண்ணைப் பார்த்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அசெம்பிளி லைனில் ஒரே இடத்தில், ஒரே ஸ்க்ரூவை 3 ஆண்டு முடுக்கினால் 3 ஆண்டு அனுபவம் வராது. ஒரு வார அனுபவத்தைத் திரும்பத் திரும்பச் செய்ததாகத்தான் ஆகும். ஆறு மாதம் கழிந்ததும் சூப்பர்வைசரிடம் டெஸ்டிங்குக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் குவாலிட்டி, அப்புறம் மெயின்டெனன்ஸ். இல்லை என்றால் மறுபடி கேளுங்கள். கல்யாணத்துக்காக ஊர் திரும்பும்போது கையில் சேமிப்போடு ஒரு தொழிலும் இருக்கட்டும்.

கேள்வி: டர்னர் டிரேடில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். நைட் ஷிப்டுக்கு எடுக்க மாட்டார்கள், இதெல்லாம் வேண்டாத வேலை என்கிறார் மாமா.
(ஐ.டி.ஐ. மாணவி, திண்டுக்கல்)

பதில்: பெண்ணுக்கு நைட் ஷிப்ட் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரிலேயே ரத்து செய்துவிட்டது என்று மாமாவிடம் சொல்லுங்கள். வேனும் பாதுகாப்பும் கம்பெனியின் பொறுப்பு, உங்கள் சம்மதம் உங்கள் உரிமை. சக்கில் சுழலும் இரும்புக்கு ஆண், பெண் தெரியாது. உங்கள் வகுப்பில் அடுத்த ஆண்டு ஒருத்தி சேர வேண்டுமானால் இந்த ஆண்டு நீங்கள் நின்று காட்ட வேண்டும்.

கேள்வி: 2 ஆண்டாக ‘டிரெய்னி’ என்றே வைத்திருக்கிறார்கள். அப்ரென்டிஸ் என்பதும் இதுவும் ஒன்றா?
(இளைஞர், ஓசூர்)

பதில்: ஒன்றாக்கிக் குழப்புவதில்தான் சிலருக்கு லாபம். அப்ரென்டிஸ், அதாவது தொழிற்பழகுநர், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருகிறவர். அவருக்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டு, அரசு இணையதளத்தில் பதிவு உண்டு, இத்தனை மாதம் என்ற வரம்பு உண்டு, முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு. உங்கள் ஒப்பந்தப் பதிவு எண்ணை எச்.ஆரிடம் நாளைக்கே கேளுங்கள். எண் இல்லையென்றால் நீங்கள் அப்ரென்டிஸ் இல்லை. பெயர் ‘டிரெய்னி’, செய்வது முழு ஆபரேட்டர் வேலை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்க வழி இருக்கிறது.

முதலாளிகளும் இதைப் படிப்பதால் சேர்த்துச் சொல்கிறேன். 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், தன் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 200 பேர் உள்ள கம்பெனி என்றால் குறைந்தது 5 பேர், அதிகம் போனால் 30 பேர். 2019-இல் விதிகளைத் திருத்தியபோது உதவித்தொகை படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் என்று குறைந்தபட்சம் வைத்தார்கள். அதில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிற திட்டமும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அந்த 5 பேரோடு நிறுத்திக்கொண்டு ஆள் இல்லை என்று புலம்புகிறார்கள். 30 இடத்தையும் நிரப்பிவிட்டுப் புலம்புங்கள், நானும் உங்களோடு சேர்ந்து எழுதுகிறேன்.

பழகுநருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் தம்பி தெரிந்துகொள்ளட்டும். ஐ.சி.எஃப்., திருச்சி பெல் போன்ற இடங்களில் பழகிய சான்றிதழ், அங்கே வேலை கிடைக்காவிட்டாலும் வேறு கதவுகளைத் திறக்கும்.

கேள்வி: காண்ட்ராக்ட் வேலைக்குப் போவதா, நிரந்தர வேலைக்குக் காத்திருப்பதா?
(வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: காத்திருந்தால் வயது போகும். போங்கள், ஆனால் காகிதம் இல்லாமல் போகாதீர்கள். நாட்டின் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் 100-க்கு 20 பேர் காண்ட்ராக்டில் இருந்தார்கள். 2022-23-இல் 40-ஐத் தாண்டிவிட்டது. திறமைப் பற்றாக்குறைக்கு முக்கியமான வேர் இதுதான் என்பது என் முடிவு. 11 மாதத்தில் போய்விடுவான் என்று தெரிந்தவனுக்கு யார் மெனக்கெட்டுத் தொழில் சொல்லிக்கொடுப்பார்கள்? 11 மாதத்தில் அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தவன் யாரிடம் மெனக்கெட்டுக் கற்றுக்கொள்வான்?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கின்றன. கேட்டு வாங்குங்கள். பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. எண் இரண்டும் சரிபாருங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறார். கூட வேலை பார்த்தவருக்கு 2 விரல் போய்விட்டது. பயமாக இருக்கிறது.
(வாசகி, அம்பத்தூர்)

பதில்: பயம் நியாயமானது சகோதரி. பவர் பிரஸ்ஸில் 2 கைகளும் 2 பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் டை கீழே இறங்க வேண்டும். கை உள்ளே போனால் ஒளித்திரை சென்சார் மெஷினை நிறுத்த வேண்டும். ‘புரொடக்‌ஷன் குறைகிறது’ என்று ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிடுகிற இடங்கள் இருக்கின்றன. அதைச் செய்யச் சொல்கிறவரும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவரும் அந்த விரலுக்குப் பொறுப்பு.

அவர் மெஷினில் 2 பட்டனும் வேலை செய்கிறதா என்று இன்று இரவே கேளுங்கள். இல்லையென்றால் தொழிலக பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதுங்கள். அடிபட்டவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் சிகிச்சைக் காலத்தில் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் தொகை உண்டு. விபத்து அறிக்கையை விட்டுவிடாமல் பதிய வைக்கச் சொல்லுங்கள். ஒரு கம்பெனிக்கு ஆள் நிற்கவில்லை என்றால், அங்கே முதலில் பார்க்க வேண்டியது சம்பளப் பட்டியலை இல்லை, பிரஸ்ஸின் பட்டனை.

கேள்வி: ரோபோ வந்தால் வெல்டர் என்ன ஆவார்?
(வாசகர், மறைமலை நகர்)

பதில்: ரோபோவுக்கு வாத்தியார் ஆவார். அதற்கு வழி காட்டுகிற கைக்கருவியின் பெயரே ‘டீச் பெண்டன்ட்’. டார்ச்சை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று தெரியாதவர் ரோபோவுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பார்?

கேள்வி: வெல்டிங் படித்து வெளிநாடு போக ஆசை.
(இளைஞர், புதுக்கோட்டை)

பதில்: ஐ.டி.ஐ.யில் வெல்டர் ஓராண்டுப் படிப்பு, 8-ஆம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். ஆனால் ஆசை நிறைவேற 6ஜி வேண்டும். பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் மாட்டிவிடுவார்கள். அதைத் திருப்பாமல் நீங்கள்தான் குனிந்து, நிமிர்ந்து, தலைக்கு மேல் கை வைத்துச் சுற்றிலும் பற்ற வைக்க வேண்டும். அப்புறம் எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே அளவுக்கு மீறிய காற்றுக் குமிழி தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. பாய்லர் வேலையால் திருச்சி இதற்குப் பெயர்போன ஊர். 1975 முதல் அங்கே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, உங்களுக்குப் பக்கத்து ஊர்தான்.

ஏஜென்டிடம் பணம் கட்டும் முன், அவர் பெயர் அரசின் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30 ஆயிரமும் ஜி.எஸ்.டி.யும், அவ்வளவுதான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-இலிருந்து ஆள் அனுப்புகிறது. முதலில் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

கேள்வி: கம்பெனியையே மூடிவிட்டால் கற்ற தொழிலை வைத்து என்ன செய்வது?
(வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் ஓடத் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கலங்கின. பின்னால் அதே வளாகத்தில் சால்காம்ப் வந்து சார்ஜர் செய்யத் தொடங்கியது. இடையில் போன ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாது, அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே மாடலுக்குப் பழகியவர்களைவிட மெஷின் பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அடுத்த வேலை சீக்கிரம் கிடைக்கும்.

கேள்வி: ஜி.டி.நாயுடு இன்று இருந்தால் என்ன சொல்வார்?
(ஆசிரியை, பொள்ளாச்சி)

பதில்: அன்றைக்குச் சொன்னதையே சொல்வார். 1945 வாக்கில் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்விக்கூடங்களை நிறுவி, தானே முதல்வராகவும் இருந்தார். 4 ஆண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குகிறது, 2 ஆண்டு போதும் என்று வாதாடினார். அரசு ஏற்கவில்லை, விலகிவிட்டார். அவர் எல்லாம் கற்றது, ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி மாட்டித்தான். உங்கள் பள்ளியில் ஒரு பழைய சைக்கிளையாவது பிள்ளைகளைக் கழற்ற விடுங்கள் டீச்சர்.

கேள்வி: பையன் 10-ஆம் வகுப்பில் 240 மார்க். ஐ.டி.ஐ.யில் சேர்த்தால் சொந்தக்காரர்கள் கேவலமாகப் பேசுவார்களோ என்று மனைவி அழுகிறாள்.
(ஒரு தந்தை, தருமபுரி)

பதில்: அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். 2 ஆண்டு டிரேடு முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், அதை முடித்தால் பி.இ.யிலும் அப்படியே. மேலே போகிற பாதை அடைபடவே இல்லை.

விண்ணப்பம் போடும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். மனைவியையும் பையனையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஐ.டி.ஐ.க்குப் போய்ப் பட்டறையைச் சுற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார்கள். நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள். பையன் எந்த மெஷின் முன்னால் நின்று நகர மறுக்கிறான் என்று பாருங்கள். விண்ணப்பத்தில் அந்த டிரேடை முதலில் எழுதுங்கள்.